எந்த மோட்டர் நல்லது?

எங்கள் முகநூல் குழுவில் ஒரு சட்டம் இருக்கிறது. தண்ணீர் மோட்டரைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஏன் சூடாகிறது, ஏன் தண்ணீர் இழுக்கவில்லை, ஏன் உறுமிவிட்டு நிற்கிறது, எல்லாம் கேட்கலாம். "எந்த மோட்டர் நல்லது, எதை வாங்க?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த நிமிடமே அழித்துவிடுவேன்.

இதற்காக நான் வாங்கிக் கட்டிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. "கணபதி அண்ணைக்கு இப்ப மண்டைக்கனம் கூடிப்போச்சு" என்று ஒருவர். "ஏதோ கம்பனிக்காரன் ஆளை நல்லாக் கவனிச்சிருக்கிறான்" என்று இன்னொருவர். "வாங்க வழி தெரியாமத்தானே கேக்கிறம், அதையும் சொல்லாட்டி உந்தக் குழு என்னத்துக்கு?" என்று மூன்றாமவர். இந்த மூன்றாமவர் கேட்டது நியாயம்தான்.

உலகத்தில் உள்ள பெரிய கேள்வி பதில் தளங்கள் பலவற்றிலும் இதே சட்டம் இருக்கிறதாம். என் மகள் சிவதர்சினி கொம்பியூட்டர் படிக்கிறவள், அவள்தான் காட்டினாள். காரணங்களும் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு நல்லது என்று சொல்லும் சாமான் அடுத்த வருடம் கடையில் இராது, பழைய பதிலை நம்பி வருகிறவன் அலைவான். விற்கிறவனே வாங்கினவன் வேசத்தில் வந்து புகழுவான். ஒவ்வொருவனும் தன் வீட்டில் இருப்பதைத்தான் நல்லது என்பான், இருபது பேர் இருபது பெயரைச் சொன்னால் எது சரி என்று தீர்ப்பதற்கு ஆளில்லை. இதையெல்லாம் அப்படியே தமிழில் எழுதி, சட்டத்துக்குக் கீழே போட்டிருக்கிறேன்.

எல்லாம் உண்மை. ஆனால் நான் அந்தச் சட்டத்தைப் போட்டது இவற்றில் ஒன்றுக்காகவும் இல்லை. யூலிற்றா என்ற ஒரு பெண்ணின் கிணற்றை நான் கெடுத்தேன். அதற்காகப் போட்டேன்.

நான் நெளுக்குளத்தில் இருபத்தாறு வருடமாக மோட்டர் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி எடுத்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பதைத்தான் எங்கள் பக்கம் மோட்டர் கட்டுவது என்போம். பூவரசங்குளத்திலிருந்து அந்தப் பக்கம் கண்டாவளை வரைக்கும் என் கை பட்ட மோட்டர்கள் ஓடுகின்றன. பாருங்கள், இதைச் சொல்லும்போதே எனக்குப் பெருமை வந்துவிடுகிறது. இந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

கொரோனாக் காலத்தில் கடை பூட்டிக் கிடந்தபோது மகள் தொடக்கித் தந்த குழு அது. கடைக்கு வர முடியாத சனம் கேள்வியை எழுதும், நான் பதில் எழுதுவேன். அப்படியே பெருகிப் பதினாலாயிரம் பேர் ஆகிவிட்டது. என் மனைவி விமலேஸ்வரி நக்கலடிப்பாள்: "ஊரில கேக்கிற எல்லாருக்கும் ரெண்டு நிமிசத்தில பதில். நான் தேங்காய் இருக்கோ எண்டு கேட்டா மட்டும் உங்களுக்குக் காது கேக்காது." எனக்கு அதுவும் புகழ்ச்சியாகத்தான் இருந்தது.

எனக்குக் கோபமும் கெதியில் வரும். ஒருமுறை யாரோ ஒருவர், கடற்கரைப் பக்கத்து வீடு, மோட்டர் அடிக்கடி எரிகிறது என்று கேட்டிருந்தார். கொண்டென்சரை மாற்றுங்கோ என்று நான் எழுதினேன். யோசெப் என்று ஒருவர் கீழே வந்து, "அண்ணை, உப்புக் காத்துக்கு உள்ளுக்குக் கறள் பிடிச்சிருக்கும், ஒருக்காக் கழட்டிப் பாத்தா நல்லது" என்று எழுதினார். மரியாதையாகத்தான் எழுதினார். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் குழுவில், என் பதிலுக்குக் கீழே வந்து ஒருவன் திருத்துவதா? அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வள்ளத்தில் நின்று எடுத்த படம். "நீர் மோட்டர் கட்டுறனீரோ, மீன் பிடிக்கிறனீரோ? தெரிஞ்ச தொழிலைப் பாரும்" என்று எழுதினேன். தொண்ணூற்று நாலு பேர் சிரித்தார்கள். எத்தனை பேர் என்று இரண்டு மூன்று தரம் எடுத்துப் பார்த்ததால் எண்ணிக்கை இன்றைக்கும் நினைவிருக்கிறது. கழட்டிப் பார்த்தபோது உள்ளே இரும்பில் கறள்தான் பிடித்திருந்தது என்று, கேள்வி கேட்ட அந்த ஆள் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அதை நான் குழுவில் சொல்லவில்லை.

இது நடந்து இரண்டு மாதம் இருக்கும். தை மாதம். ரோசாப்பூப் படம் போட்ட ஒரு கணக்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "ரோசா மலர்" என்று பெயர். கேள்வியை அப்படியே தருகிறேன்:

"வணக்கம் அண்ணை. நல்ல தண்ணி மோட்டர் ஒண்டு வாங்க வேணும். எது நல்லது? பிரான்சில இருக்கிற அக்கா வாங்கித் தாறன் எண்டவா. அவாவை ஒருக்காத்தான் கேக்கலாம், அதால பிழை விடாம வாங்க வேணும். இவர் இடுப்பு முறிஞ்ச பிறகு தொழிலுக்குப் போறேல்லை. கச்சானும் மிளகாயும் போடுவம் எண்டு யோசிக்கிறம். கிணறு வளவுக்கையே கிடக்கு. நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம், கடல் கிட்ட."

நான் சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்தேன். இடது கையால் போனைத் தட்டி, முதல் இரண்டு வரியைப் படித்தேன். எது நல்லது என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. மிச்சத்தை மேலோட்டமாகத் தள்ளிவிட்டேன். கடல் கிட்ட என்பது கடைசியில் இருந்தது.

ஒன்றரை எச்பிப் பெரிய மோட்டர் ஒன்றின் பெயரை எழுதினேன். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன், என் சட்டத்தை நானே மீறக் கூடாது. "கண்ணை மூடிக்கொண்டு உந்த மோட்டரை வாங்குங்கோ தங்கச்சி. பத்து வருசத்துக்கு என்னட்டை வர மாட்டியள்" என்றும் எழுதினேன். கிணறு எத்தனை அடி, கல்லா மணலா, எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, யார் யார் அள்ளுகிறார்கள், ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. என் கடைக்கு ஒருவன் எரிந்த மோட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் பத்துக் கேள்வி கேட்காமல் கையே வைக்கமாட்டேன். போனில் மட்டும் நான் பெரிய ஆளாகிவிட்டேன்.

அறுபது பேருக்கு மேல் வந்து "அண்ணை சொன்னாச் சரி" என்று எழுதினார்கள். அவர்களில் கடற்கரைச் சனமும் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பெரிய ஆள் என்று நினைக்கிற ஒருவர் சபையில் ஒன்றைச் சொன்னால், அதற்கு மாறி இன்னொன்றைச் சொல்வது எங்கள் ஆட்களுக்கு வராது. அது மரியாதை. அதை நான் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாசியில் மோட்டர் பூட்டினார்கள். யூலிற்றா எனக்குத் தனியாக வீடியோ அனுப்பினாள். அப்போதுதான் அவளுடைய உண்மையான பெயர் தெரிந்தது. குழாயால் தண்ணீர் பீறிக்கொண்டு வருகிறது, பக்கத்தில் கதிரையில் அவளுடைய கணவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், மணலில் கச்சான், அதாவது நிலக்கடலை, முளைத்து வரிசையாக நிற்கிறது. "அக்காவும் வீடியோவில பாத்துச் சந்தோசப்பட்டவா அண்ணை. ஒருநாளைக்கு எங்கட வீட்டை வாங்கோ" என்று எழுதியிருந்தாள். அதை விமலேஸ்வரிக்குக் காட்டினேன். கடைக்கு வந்தவர்களுக்கும் காட்டினேன்.

பங்குனி முடிகிற நேரம் இன்னொரு செய்தி வந்தது. "அண்ணை, தண்ணி இப்ப ஒரு மாதிரிக் கிடக்கு. தேத்தண்ணிக்குப் பால் விட்டாத் திரையுது. என்ன செய்யலாம்?"

இங்கேதான் நான் இரண்டாவது தரம் பிழை விட்டேன். முதலாவதை யாராவது மன்னித்தாலும் இதை மன்னிக்கமாட்டார்கள்.

எங்கள் நெளுக்குளத்துக் கிணறுகள் கல்லுக் கிணறுகள். வெடி வைத்து உடைத்துத் தோண்டியவை. கல் வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் வரும். தண்ணீர் மணத்தாலோ நிறம் மாறினாலோ நாங்கள் பெரிய மோட்டரைப் போட்டு அடியோடு இறைத்து, சேற்றை அள்ளி வெளியே போடுவோம். அடைபட்ட ஊற்று விட்டுக்கொடுக்கும். இரண்டு நாளில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் நிற்கும். நான் பிறந்த நாள் முதல் பார்த்தது இது. அதனால் யோசிக்காமல் எழுதினேன்: "அது பழைய தண்ணி தங்கச்சி. ஒரு நாள் முழுக்க மோட்டரை நிப்பாட்டாம இறைச்சு விடுங்கோ. புது ஊத்துத் திறக்கும்."

அவள் சொன்னதைச் செய்தாள். காலை ஆறு மணிக்குப் போட்டு, பொழுதுபடும் வரைக்கும் ஓடவிட்டாள். அடுத்தநாள் "சரி அண்ணை, நன்றி" என்று மட்டும் எழுதினாள். பிறகு ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராவிட்டால் எல்லாம் சரி என்றுதான் என்னைப் போன்றவர்கள் நினைப்போம்.

வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனோம், நானும் விமலேஸ்வரியும். பொங்கல் முடிந்த அடுத்தநாள் காலை அவள்தான் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை வரச்சொல்லிக் கேட்டது. இவ்வளவு தூரம் வந்திட்டுப் பாக்காமப் போறது வடிவில்லை." எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். என் மோட்டரைப் போய்ப் பார்க்கலாமே என்று இருந்தது. விலாசம் கேட்டுப் போனோம்.

யூலிற்றாவுக்கு நாற்பது வயது இருக்கும். எங்களைக் கண்டதும் முகம் ஒருகணம் வெளிறிப் பிறகு சிரித்தது. "வாங்கோ அண்ணை, வாங்கோ அக்கா, சொல்லாமக் கொள்ளாம வந்திட்டியள்" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். கணவர் எழும்ப முடியாமல் இருந்தபடியே கும்பிட்டார். யூலிற்றா கடைக்கு ஆள் விட்டுச் சோடா எடுப்பித்தாள். "ஏன் பிள்ளை வீண் செலவு, ஒரு வெறுந்தேத்தண்ணி போதும்" என்றாள் விமலேஸ்வரி. யூலிற்றா குசினிப் பக்கம் போய் வெகுநேரம் வரவில்லை. விமலேஸ்வரி எழும்பி உள்ளே போனாள். பிறகு என்னிடம் சொன்னாள், குசினிக்குள் இரண்டு பிளாஸ்டிக் கானில்தான் தண்ணீர் இருந்ததாம், அதில் ஒன்றைச் சரித்து அடியில் கிடந்ததைக் கேத்தலுக்குள் வடித்துக்கொண்டிருந்தாளாம்.

"மோட்டர் எப்பிடித் தங்கச்சி?" என்று நான் கேட்டேன்.

"சோக்கா ஓடுது அண்ணை. ஒரு பிழையும் சொல்லேலாது."

"வாரும் பாப்பம்."

"இப்ப ஏன் அண்ணை வெயிலுக்கை? தேத்தண்ணியைக் குடியுங்கோ."

நான் விடவில்லை. கிணற்றடிக்குப் போனேன். வளையம் இறக்கிய கிணறு, எட்டி உள்ளே கைவிட்டால் தண்ணீரைத் தொடலாம் போல ஆழமில்லாதது. சுவிச்சைப் போட்டேன். சத்தமில்லாமல், ஆட்டமில்லாமல் ஓடியது. இன்றைக்கும் சொல்லுவேன், அதைவிட நல்ல மோட்டரை நான் என் தொழிலில் காணவில்லை. குழாயால் தண்ணீர் பாய்ந்து வந்தது. கையில் ஏந்தி வாயில் விட்டேன்.

கடல் தண்ணீர் என்றே சொல்லலாம். துப்பிவிட்டு நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தேன். கச்சான் கொடி ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. பாத்தி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மிளகாய்க் கன்று ஒன்றும் மிச்சமில்லை. சுவிச்சைத் தட்டி மோட்டரை நிறுத்தினேன்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் நன்மைக்குத்தானே சொன்னனியள்" என்றாள் யூலிற்றா. "சொன்னா உங்கட மனம் நோகும்."

அப்போது பக்கத்து வளவு வேலியைத் தாண்டி ஒருவர் வந்தார். கறுத்து உயர்ந்த மனிதர். என்னைப் பார்த்து, "நெளுக்குளத்துக் கணபதி அண்ணைதானே? படத்தில பாத்தனான். நான் யோசெப்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளக்காதா என்று இருந்தது. அந்த வள்ளமும் அந்த முகமும் எனக்கு நினைவிருந்தன.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி இரண்டு சொல்லித் தப்பியிருப்பேன். வேலைக்காரனுக்கு வேலைக்காரன் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்: "இஞ்ச நிலத்துக்குக் கீழ உப்புத் தண்ணிதான் அண்ணை கிடக்கு. அதுக்கு மேல மாரி மழைத் தண்ணி, பாலில ஆடை மாதிரி, ஒரு படையா நிக்கும். வாளியால அள்ளினா, சின்ன மோட்டரால காலமை ஒரு அரை மணித்தியாலம் இறைச்சா, மேல நிக்கிற நல்ல தண்ணி வரும். பெரிய மோட்டரைப் போட்டு உறிஞ்சினா அந்தப் படை முடிஞ்சு, கீழ கிடக்கிற உப்பு மேல ஏறிவிடும். உந்தக் கிணறு சுனாமிக்குக் கெட்டு, ஆறேழு வருசம் கிடந்து திரும்பின கிணறு. சுத்தி இருக்கிற பன்னிரண்டு வீடும் உதிலதான் குடிக்க அள்ளினது."

"இது தெரிஞ்ச நீங்கள் அண்டைக்கு ஏன் எழுதேல்லை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் கேட்டது என்ன கேள்வி என்று விளங்கியது.

"எழுதினனான்" என்றார். "நான் அப்ப கொக்கிளாய்க் கடற்கரையில மீன் வாடி போட்டுத் தொழில் செய்துகொண்டு நிண்டனான். கடல் கிட்ட எண்டு எழுதிக் கிடந்ததைக் கண்டிட்டு, பெரிய மோட்டர் வேண்டாம் எண்டு முழுக்க எழுதினனான். பேந்து அழிச்சுப்போட்டன். போன முறை நீங்கள் எனக்கு எழுதினதை என்ர மகளும் வாசிச்சவள் அண்ணை. ரோசா மலர் எண்டது எங்கட யூலிற்றா எண்டு தெரிஞ்சிருந்தா ஓடி வந்து சொல்லியிருப்பன். ஆரோ எண்டு நினைச்சு விட்டிட்டன். அது என்ர பிழை."

அவர் தன்னுடைய பிழை என்று சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. தலையை ஆட்டினேன். "ரெண்டு மாரி நல்லாப் பெய்யட்டும், பாப்பம்" என்று யோசெப் கிணற்றுக்குள் பார்த்துச் சொன்னார். "மோட்டரை நான் கழட்டட்டோ?" என்று நான் யூலிற்றாவைக் கேட்டேன். "வேண்டாம் அண்ணை, அக்கா வாங்கித் தந்தது, கிடக்கட்டும்" என்றாள்.

நாங்கள் வெளிக்கிடும்போது ஒழுங்கை வாசலில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வந்து நின்றது. பெண்கள் கான்களோடு வரிசையில் நின்றார்கள். யூலிற்றாவும் இரண்டு கானை எடுத்துக்கொண்டு எங்களோடு நடந்தாள். அவள் வந்ததும் வரிசையில் நடந்துகொண்டிருந்த கதை நின்றது. ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஏழெட்டு அடி தள்ளிப் போய்த் தனியாக நின்றாள்.

முன்னுக்கு நின்ற ஒரு பெண், பிலோமினா என்று பெயர், விமலேஸ்வரியிடம் சத்தமாகவே சொன்னாள்: "கோயிலடியில இருந்து வாறியளோ? பாருங்கோ எங்கட கோலத்தை. வீட்டு வாசலில தேன் மாதிரித் தண்ணி இருந்தது. ஒருத்திக்குப் பெரிய மோட்டர் ஆசை வந்து, எல்லாற்றை வாயிலயும் மண் விழுந்திட்டுது. ஆர் உனக்கு உந்த மோட்டரை வாங்கச் சொன்னது எண்டு பங்குச் சுவாமியார் கூடக் கேட்டவர். ஒருத்தரும் சொல்லேல்லை, என்ர புத்தியிலதான் வாங்கினனான் எண்டு நிக்கிறா."

நான் யூலிற்றாவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பெயரை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சுவாமியாருக்கே சொல்லவில்லை.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அம்மா, சொன்னது நான்தான்" என்று நாலு சொல். பதினாலாயிரம் பேருக்கு முன்னால் எழுதுகிறவனுக்கு, பன்னிரண்டு பெண்களுக்கு முன்னால் நாக்கு எழும்பவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்து ஏறிவிட்டேன். யோசெப் வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முள்ளியவளையைத் தாண்டினோம். விமலேஸ்வரி முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னாள்: "இப்ப வாயைத் திறப்பியள், இப்ப திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

அன்று பின்னேரமே அந்தச் சட்டத்தைப் போட்டேன். எது நல்லது என்று கேட்கக் கூடாது, காரணம் ஒன்று, இரண்டு, மூன்று. மகள் சொன்ன காரணங்கள் எல்லாம் வந்தன, கிணறு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு ஒளிப்புத்தான். பிழை விட்டவன் நான், வாயை மூடச் சொன்னது கேட்கிறவர்களை. ஏச்சு வந்தபோது உண்மையில் எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது, வேறு ஏதோ குற்றத்துக்காவது யாரோ திட்டுகிறார்களே என்று.

ஆவணியில் ஒருநாள் ஏச்சு எல்லை மீறியது. நான் கம்பனியிடம் வாங்கித் தின்கிறேன் என்று ஒருவன் எழுத, நாற்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். அதற்கு நடுவில் ரோசாப்பூப் படம் ஒன்று தெரிந்தது. "கணபதி அண்ணை அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. ஏதோ எங்கட நன்மைக்குத்தான் உந்தச் சட்டத்தைப் போட்டிருப்பார். அவரை ஏசாதேங்கோ."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். ஐம்பத்துமூன்று வயதில், கடை மேசையில், கம்பிச் சுருளுக்கு நடுவில் இருந்து அழுதேன். விமலேஸ்வரி வந்து பார்த்தாள். "அழுது என்னத்துக்கு? போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள்.

ஞாயிறு காலை போனேன். தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது, பவுசரும் நின்றது. முதலில் யோசெப்பின் வாசலுக்குப் போனேன். அவருடைய மகள் நிறஞ்சனா படியில் இருந்தாள். "தங்கச்சி, உம்மட அப்பாவை நான் குழுவில கேவலமா எழுதினனான். அண்டைக்கு அவர் சொன்னதுதான் சரி" என்று அவளுக்குக் கேட்கச் சொன்னேன். அவள் எழும்பி உள்ளே போனாள். யோசெப் என் தோளில் கைவைத்து, "வாங்கோ, நானும் வாறன்" என்றார்.

வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். "அம்மாமார், அக்காமார், நான் நெளுக்குளத்துக் கணபதி. உந்தப் பெரிய மோட்டரை வாங்கச் சொன்னது நான். உப்பு வந்தபோது இன்னும் இறைக்கச் சொன்னதும் நான். யூலிற்றா என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னவா. வைகாசியில இதே இடத்தில நிண்டனான், சொல்லப் பயந்து ஓடிட்டன்."

பவுசர்க் குழாயால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கான் நிரம்பி வழிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் பிலோமினா சொன்னாள்: "கிணறு மாரிக்குத் திரும்பும் தம்பி. கடல் வந்தே திரும்பின கிணறு அது. அஞ்சு மாதமா நாங்கள் அவளோட முகங்குடுத்துக் கதைக்கேல்லை. அவளின்ர மனிசன் போன மாதம் திரும்பவும் விழுந்த அண்டைக்குக்கூட ஒருத்தரும் போகேல்லை. அதை ஆர் திருப்பித் தாறது, நீரோ?" என்னைக் கேட்டதா, தன்னைக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் குரல் உடைந்திருந்தது.

யூலிற்றா வளவு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. முதன்முதலாக அவள் என்னோடு கோபமாகக் கதைத்தாள்.

"எனக்காகச் சொன்னனீங்களோ அண்ணை, உங்களுக்காகச் சொன்னனீங்களோ?"

பொய் சொல்லலாம் என்று ஒருகணம் நினைத்தேன். "எனக்காகத்தான் பிள்ளை" என்றேன். "தாங்கேலாமப் போட்டுது."

அவள் கிணற்றுப் பக்கம் திரும்பினாள். பிறகு, "அப்ப வாங்கோ. வந்து உந்த மோட்டரைக் கழட்டிக்கொண்டு போங்கோ. அதைப் பாத்துக்கொண்டு என்னால இருக்கேலாது" என்றாள்.

யோசெப் குழாயைப் பிடித்தார், நான் ஆணிகளைக் கழற்றினேன். மோட்டர் புதிது போலவே இருந்தது. ஆறு மாதத்தில் ஒரு கறள் பொட்டுக்கூட இல்லை. தூக்கி மணலில் வைத்தபோது யூலிற்றாவின் போன் அடிக்கத் தொடங்கியது. அவள் எடுக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அக்கா என்று இருந்தது.

"ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய வீடியோவில வருவா" என்றாள். "மோட்டரைப் போடு, தண்ணி பாயுறதைப் பாக்கவேணும் எண்டுவா. இரவு வேலை முடிஞ்சு வந்து, படுக்க முன்னம் அதைப் பாத்திட்டுத்தான் படுப்பா. உப்பு எண்டு நான் அவாவுக்கு இன்னும் சொல்லேல்லை. தண்ணியையாவது காட்டிக்கொண்டிருந்தனான். இனி நான் அவாவுக்கு என்னத்தை அண்ணை காட்டுறது?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. யோசெப் என்னைப் பார்த்தார். நான் கழற்றிய ஆணிகளைக் கையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.